திருத்தியது யார்?

2023 மே மாதம். அமெரிக்காவில் டெக்சஸ் ஏ அண்ட் எம்–காமர்ஸ் பல்கலைக்கழகம். படிப்பை முடித்துவிட்டோம் என்ற நிம்மதியில் இருந்த மாணவர்களுக்கு அவர்களுடைய ஆசிரியரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கால்நடை அறிவியல் பாடம் எடுத்த அவர், மாணவர்கள் கொடுத்த கட்டுரைகளை ஒவ்வொன்றாக சாட்ஜிபிடியில் ஒட்டி, இதை நீ எழுதினாயா என்று அதனிடமே கேட்டிருக்கிறார். பல கட்டுரைகளுக்கு அது ஆமாம் என்றது. அந்த ஆமாமை நம்பி அவர் மதிப்பெண்ணை நிறுத்தி வைத்தார். சிலருடைய பட்டச் சான்றிதழ் முடங்கியது.

சாட்ஜிபிடிக்குத் தான் எதை எழுதினோம், எதை எழுதவில்லை என்று தெரியாது. கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் சொற்களைக் கோத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. இணையத்தில் சிலர் அதே ஆசிரியரின் முனைவர் பட்ட ஆய்வேட்டிலிருந்து ஒரு பகுதியை எடுத்துக் கொடுத்துக் கேட்டுப் பார்த்தார்கள். அதையும் தான் எழுதியிருக்கலாம் என்றது. மாணவர்களோ, கட்டுரையை எந்த நாளில் தொடங்கினோம், எந்த வரியை எப்போது மாற்றினோம் என்று காட்டும் கூகுள் டாக்ஸ் பதிவுகளைத் திரட்டிக்கொண்டு நிரபராதி என்று நிரூபிக்க ஓட வேண்டியிருந்தது. கடைசியில் பல்கலைக்கழகம் தலையிட்டது. இதனால் யாரும் தோல்வியடையவில்லை, யாருக்கும் பட்டம் மறுக்கப்படவில்லை என்று அறிவித்தது.

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுமக்கள் கைக்கு வந்தது. அன்றிலிருந்து கல்லூரி வளாகங்களில் ஏ.ஐ. பற்றி நடக்கும் பேச்சில் முக்கால்வாசி, மாணவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்பதாகவே இருக்கிறது. ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் டெக்சஸ் சம்பவத்தில் என்னை உறுத்துவது வேறு. அந்த ஆசிரியர் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு மாணவர்களிடம் போகவில்லை, இயந்திரத்திடம் போனார். ஒருவருடைய எழுத்தை எடைபோட்டு அவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஆசிரியருக்கு உண்டு. அந்த அதிகாரத்தை அவர் ஒரு மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டால், தவறு நேரும்போது பதில் சொல்ல வேண்டியது யார்?

88 சதவீதம்

இதே கேள்வி இந்தியாவில் நீதிமன்றப் படியேறிவிட்டது. ஹரியானாவில் உள்ள ஓ.பி. ஜிண்டால் குளோபல் பல்கலைக்கழகத்தில் சட்ட முதுகலை படித்த ஒருவர், 2024 மே மாதத் தேர்வில் கொடுத்த விடைகளில் 88 சதவீதம் ஏ.ஐ. எழுதியது என்று சொல்லித் தோல்வியடையச் செய்யப்பட்டார். அவர் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஏ.ஐ.யைப் பயன்படுத்தக் கூடாது என்று எந்த விதியில் இருக்கிறது, நான் பயன்படுத்தினேன் என்பதற்கு என்ன ஆதாரம் என்பதே அவருடைய வாதம். அந்த ஆண்டு நவம்பரில் பல்கலைக்கழகம் தன் முடிவைத் திரும்பப் பெற்றுப் புதிய மதிப்பெண் பட்டியல் கொடுத்துவிட்டதாகச் சொன்னது. வழக்கு அத்துடன் முடிந்தது. நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டிய கேள்வி அப்படியே நிற்கிறது.

அந்த 88 எங்கிருந்து வருகிறது? ஒரு சாட்பாட் அடுத்த சொல் எதுவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு எழுதிக்கொண்டே போகிறது. கண்டுபிடிப்பான் மென்பொருள்களில் பல இதையே திருப்பிப் போட்டுப் பார்க்கின்றன. உங்கள் வாக்கியத்தில் அடுத்தடுத்த சொற்கள் எளிதில் ஊகிக்கக் கூடியவையாக இருந்தால் இயந்திரம் எழுதியது. எதிர்பாராத சொல்லும் நீளமும் குட்டையுமான வாக்கியங்களும் வந்தால் மனிதர் எழுதியது. அதாவது, அது யார் எழுதினார்கள் என்பதைப் பார்ப்பதே இல்லை. எழுத்து எவ்வளவு வழக்கமானதாக இருக்கிறது என்பதை மட்டும் அளக்கிறது.

வழக்கமான சொற்களில், பாதுகாப்பான சிறு வாக்கியங்களில் ஆங்கிலம் எழுதுகிறவர்கள் யார்? ஆங்கிலத்தைப் பள்ளியில் ஒரு பாடமாக மட்டும் படித்து வந்தவர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் இதைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டுபிடிப்பான்களில் போட்டார்கள். எல்லாமே மனிதர்கள் தாங்களே எழுதியவை. சராசரியாக 61 சதவீதக் கட்டுரைகளை அந்த மென்பொருள்கள் ஏ.ஐ. எழுதியவை என்றன. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளைக் கொடுத்தபோது அதே மென்பொருள்கள் ஏறக்குறையப் பிழையில்லாமல் சரியாகச் சொல்லின. இன்னொன்றையும் செய்து பார்த்தார்கள். அந்த டோஃபல் கட்டுரைகளை சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொல்வளத்தைக் கூட்டச் சொன்னார்கள். பொய்யாகப் பிடிபடும் விகிதம் மடமடவென்று இறங்கியது. தானாக எழுதியவர் மாட்டிக்கொள்கிறார், இயந்திரத்தின் கையில் கொடுத்து மெருகேற்றியவர் தப்பிக்கிறார்.

நம்மூருக்கு இதை வைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குள் நுழைந்து, பொறியியலோ வணிகவியலோ ஆங்கிலத்தில் படிக்கும் மாணவி ஒருத்தி. அவள் எழுதும் ஆங்கிலம் எப்படி இருக்கும்? பாடநூலிலிருந்து மனப்பாடமான வாக்கிய அமைப்புகளும் தவறு வந்துவிடுமோ என்ற பயமும் சேர்ந்த ஆங்கிலமாக இருக்கும். வீட்டில் ஆங்கிலம் புழங்கும் சக மாணவியைவிட அவளையே அந்த மென்பொருள் சந்தேகிக்கும். உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் 47 சதவீதத்தை எட்டிய மாநிலம் என்று நாம் பெருமைப்படுகிறோம். 2021–22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வு சொல்லும் கணக்கு அது. அந்த 47இல் இவளும் இருக்கிறாள். இவளைக் கல்லூரிக்குள் கொண்டுவர இரண்டு தலைமுறை பாடுபட்டிருக்கிறது. உள்ளே வந்தவளிடம், நீ எழுதியதை நீதான் எழுதினாய் என்று நிரூபி என்று சொல்வது அநியாயம்.

இந்தக் கருவிகள் நம்பத்தக்கவை அல்ல என்பதைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனம் 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டது. ஏ.ஐ. எழுதியவற்றில் 26 சதவீதத்தை மட்டுமே அதனால் பிடிக்க முடிந்தது, மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தைத் தவறாகக் குற்றம் சாட்டியது. துல்லியம் போதவில்லை என்று சொல்லி ஜூலையில் அந்நிறுவனமே அதை மூடிவிட்டது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் டர்னிடின் நிறுவனத்தின் ஏ.ஐ. கண்டுபிடிப்பானை 2023 ஆகஸ்டில் நிறுத்தியபோது ஓர் எளிய கணக்கைச் சொன்னது. முந்தைய ஆண்டு அங்கே டர்னிடினில் ஏற்றப்பட்டவை 75,000 தாள்கள். நூற்றுக்கு ஒன்றுதான் தவறாகப் பிடிபடும் என்று நிறுவனம் சொல்வதை அப்படியே ஏற்றாலும், ஓர் ஆண்டில் 750 தாள்கள் பொய்க் குற்றச்சாட்டுக்கு ஆளாகும்.

ஆஸ்திரேலியக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அந்தப் பாடத்தைத் தாமதமாகக் கற்றுக்கொண்டது. 2024இல் அங்கே பதிவான ஒழுங்கீன வழக்குகள் ஏறக்குறைய 6,000. பத்தில் ஒன்பது ஏ.ஐ. தொடர்பானவை. புகாரான வழக்குகளில் கால்வாசி விசாரணைக்குப் பின் தள்ளுபடி ஆனது. விசாரணை முடியும்வரை முடிவு நிறுத்தி வைக்கப்பட்டதால் வேலைக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் தவித்தவர்கள் உண்டு. 2025 மார்ச்சில் டர்னிடினின் ஏ.ஐ. கண்டுபிடிப்பானைக் கைவிட்டார்கள்.

நம் ஊரில் சதவீதத்தின் மேல் இருக்கும் நம்பிக்கைக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டு ஒழுங்குமுறை விதிகள் எல்லாவற்றையும் சதவீதத்தில் கட்டிப்போட்டன. ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம்வரை இருந்தால் தண்டனை இல்லை. 40வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும், 60வரை போனால் ஓராண்டு தடை, அதற்கும் மேல் என்றால் பதிவே ரத்து. அப்போதிருந்தே ஆய்வு மாணவர்களின் கவலை கருத்து யாருடையது என்பதிலிருந்து சதவீதத்தை எப்படிக் குறைப்பது என்பதற்கு நகர்ந்துவிட்டது. சொல்லை மாற்றிப்போட்டு எண்ணை இறக்கிக் கொடுப்பது ஒரு தொழிலாகவே ஆனது. ஒப்புமை என்பதற்காவது பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு மூலநூல் உண்டு. இன்னாரிடமிருந்து எடுத்திருக்கிறாய் என்று விரல் வைத்துக் காட்டலாம். ஏ.ஐ. சதவீதத்துக்கு அப்படி எந்த மூலமும் இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு தண்டிப்பது வதந்தியை வைத்துத் தண்டிப்பதற்குச் சமம். அந்த விதிகளில் ஏ.ஐ. பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 2018இல் இருந்திருக்க வழியுமில்லை.

கேமரா பார்த்தது என்ன?

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி, வெளி மாநிலச் சங்கதி என்று ஒதுக்கிவிட முடியாது. இயந்திரத்தின் சந்தேகம் என்ன செய்யும் என்பதைத் தமிழ்நாடு சாட்ஜிபிடிக்கு முன்பே பார்த்துவிட்டது.

கொரோனா காலத்தில், 2021 பிப்ரவரியில் தொடங்கி, அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரி மாணவர்களுக்கு செமஸ்டர் தேர்வை ஆன்லைனில் நடத்தியது. ஒரு மணி நேரம், கொள்குறி வினாக்கள். மேற்பார்வையாளர் இடத்தில் ஏ.ஐ. மென்பொருள். மாணவர் தன் லேப்டாப்பிலோ செல்பேசியிலோ கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், மென்பொருள் அவரைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும். ஏப்ரலில் முடிவு வந்தபோது பலர் தோல்வி. அத்துடன், முறைகேடு செய்ததாகச் சந்தேகம் என்று ஏராளமானவர்களின் முடிவு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது.

அந்தத் தேர்வை எப்படி எழுதினார்கள் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஒற்றை அறை வீட்டில் தம்பிக்கும் அன்றைக்கு ஆன்லைன் வகுப்பு. பின்னால் அம்மா நடமாடாமல் இருக்க முடியாது. சிக்னல் போனால் செல்பேசியைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்கோ மொட்டைமாடிக்கோ போக வேண்டும். மின்சாரம் போனால் முகம் இருட்டில் மறையும். யோசிக்கும்போது மேலே பார்க்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. கேமராவுக்கு அந்தப் பார்வை வேறு மாதிரி தெரியும். தனி அறையும் தடையில்லாத வைஃபையும் உள்ள பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. மென்பொருள் எல்லோரையும் ஒரே அளவுகோலால்தான் அளந்தது. ஆனால் அந்த அளவுகோல் ஒரு வகை வீட்டுக்கு மட்டுமே பொருந்தியது.

எதிர்ப்பு வலுத்தது. மே மாதம் புதிய அரசு பொறுப்பேற்றதும் உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி மறுதேர்வை அறிவித்தார். கட்டணம் கிடையாது, கொள்குறிக்குப் பதில் பழையபடி விரித்து எழுதும் மூன்று மணி நேரத் தேர்வு. மாணவர்களுக்கு நியாயம் கிடைத்தது என்று அத்தோடு மறந்துவிட்டோம். எந்த நிறுவனத்தின் மென்பொருள், எதை எதை முறைகேடு என்று எடுத்துக்கொண்டது, எத்தனை குற்றச்சாட்டு விசாரணையில் நின்றது என்று ஒரு வெள்ளை அறிக்கை கேட்டிருக்க வேண்டும். இப்போதும் கேட்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த ஏ.ஐ. சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. மாணவர் சேர்க்கையைத் தீர்மானிப்பது, கற்றலை மதிப்பிடுவது, தேர்வில் முறைகேட்டைக் கண்காணிப்பது ஆகியவற்றுக்கான ஏ.ஐ.யை அது உயர் ஆபத்து வகையில் வைத்திருக்கிறது. அப்படி வைத்தால் மனித மேற்பார்வையும் பதிவேடுகளும் கட்டாயம். கல்வி நிலையத்தில் முகத்தைப் பார்த்து மாணவரின் உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருளுக்கு, மருத்துவக் காரணம் போன்ற விதிவிலக்குகள் தவிர, தடையே போட்டுவிட்டது. நம்மிடம் அப்படி ஒரு சட்டம் இல்லை. 2023ஆம் ஆண்டு மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகள் என்கிறது. நம் கல்லூரிகளில் முதலாண்டில் சேரும் பலருக்கு 17 வயதுதான். அவர்களுடைய கட்டுரையையும் பெயரையும் ஒரு வெளிநாட்டு சாட்பாட்டில் ஒட்டி மதிப்பெண் கேட்பதற்கு முன் யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று எந்தத் துறைத்தலைவராவது யோசித்திருக்கிறாரா?

ஆசிரியர் பக்கம்

2025இல் அமெரிக்காவின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவி தன் பேராசிரியர் கொடுத்த பாடக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு வரி, பாடத்துக்குச் சம்பந்தமில்லாமல், எல்லாப் பகுதியையும் விரித்து இன்னும் விளக்கமாக எழுது என்று சாட்ஜிபிடிக்கு இட்ட கட்டளையாக இருந்தது. அந்தப் பாடத்துக்கான திட்டத்தில், மாணவர்கள் அனுமதியில்லாமல் ஏ.ஐ. பயன்படுத்தக் கூடாது என்று விதி இருந்தது. அந்தப் பாடத்துக்குக் கட்டிய 8,000 டாலருக்கும் மேற்பட்ட கட்டணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று அவர் புகார் கொடுத்தார். பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. பணம் கிடைக்காவிட்டாலும் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. எனக்கு ஒரு விதி, உங்களுக்கு ஒரு விதியா?

ஆசிரியர் ஏ.ஐ. பயன்படுத்துவது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். மறைத்துச் செய்வதுதான் தவறு. இந்தக் கேள்வி சாட்ஜிபிடியோடு வந்ததும் அல்ல. 2016இல் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அசோக் கோயல் தன் ஆன்லைன் வகுப்பில் ஜில் வாட்சன் என்ற பெயரில் ஓர் உதவி ஆசிரியரை அமர்த்தினார். சுமார் 300 மாணவர்கள், ஒரு செமஸ்டருக்கு ஏறக்குறைய 10,000 கேள்விகள். அவற்றில் வழக்கமான கேள்விகளுக்கு ஜில் பொறுமையாகப் பதில் சொன்னார். ஐபிஎம் வாட்சன் தொழில்நுட்பத்தில் இயங்கிய மென்பொருள் அது என்பது செமஸ்டர் முடியும்போதுதான் மாணவர்களுக்குத் தெரிந்தது. உலகம் வியந்து பாராட்டியது. யாருடன் பேசுகிறோம் என்பது மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்ற கேள்வி அந்தப் பாராட்டில் அமுங்கிப் போனது.

நம் கல்லூரி ஆசிரியர் ஏன் சாட்பாட்டை நாடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு பாடத்துக்குப் பாடத்திட்டம், லெசன் பிளான், கோர்ஸ் ஃபைல், சிஓ–பிஓ மேப்பிங், வினா வங்கி என்று தாள் தாளாக நிரப்ப வேண்டும். தர மதிப்பீட்டுக்கு நாக் குழு வருகிறது என்றால் ஐந்தாண்டுக் கணக்கைத் தோண்டியெடுக்க வேண்டும். இவற்றில் பெரும்பகுதியை யாரும் படிப்பதில்லை என்பது எழுதுகிறவருக்கும் தெரியும். படிக்க ஆளில்லாத தாளை இயந்திரம் எழுதட்டும் என்று அவர் நினைப்பதில் எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பழக்கம் மாணவரின் விடைத்தாள்வரை நீளும்போதுதான் பதறுகிறது.

இன்னொரு செய்தியையும் இங்கே நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியர்களாகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதாக ஆதாரங்களுடன் குற்றம் சாட்டியது. பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்கியது. ஆசிரியர் காகிதத்தில் மட்டும் இருக்கும் வகுப்பில் மாணவர் யாரிடம் சந்தேகம் கேட்பார்? செல்பேசியிடம்தான். அவரைக் கூப்பிட்டு ஏ.ஐ. ஒழுக்கம் பற்றிப் பாடம் நடத்த அந்தக் கல்லூரிகளுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

கைப்பட எழுதினால் போதுமா?

மாணவர்கள் பக்கம் வருவோம். ஏ.ஐ.யைத் தடுக்க வேண்டும் என்று பல கல்லூரிகள் அசைன்மென்டைக் கையால் எழுதி வரச் சொல்கின்றன. விடுதி அறைக்குள் போய்ப் பார்த்தால் என்ன நடக்கிறது என்று தெரியும். செல்பேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து நிறுத்தி, ஏ4 தாளில் நான்கு பக்கமும் கோடு போட்டு, தலைப்புக்குப் பச்சை மை, துணைத் தலைப்புக்கு நீலம் என்று திரையில் இருப்பதை அப்படியே இறக்கிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மணி நேரம் கை வலிக்க எழுதியிருப்பார்கள். என்ன எழுதினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இது புதிதும் அல்ல. சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து ரெக்கார்டு எழுதிய தலைமுறைகள் நம்மிடம் உண்டு. படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஆசிரியர்களும் உண்டு. எழுதியவரும் படிக்காமல், திருத்தியவரும் படிக்காமல் ஒரு தாள் மதிப்பெண் வாங்கிக்கொண்டு திரும்பி வரும் ஏற்பாட்டை நாம் வெகுகாலமாகப் பேணி வந்திருக்கிறோம். ஏ.ஐ. அதற்குள் வந்து சுலபமாகக் குடியேறிவிட்டது.

தமிழ்த் துறையில் இதை இன்னும் பளிச்சென்று பார்க்கலாம். சங்கப் பாடல் ஒன்றை மேற்கோள் காட்டச் சொன்னால், சாட்பாட் சில வேளைகளில் எண் போட்டு, புலவர் பெயர் போட்டு, திணையும் துறையும் சொல்லி, எந்தத் தொகையிலும் இல்லாத பாட்டைத் தந்துவிடுகிறது. குறுந்தொகையில் கடவுள் வாழ்த்தைத் தவிர இருப்பவை 401 பாடல்கள். புத்தகத்தை எடுத்துப் புரட்டினால் ஒரு நிமிடத்தில் பொய் வெளிப்படும். டர்னிடினின் ஏ.ஐ. கண்டுபிடிப்பான் தமிழைச் சோதிப்பதில்லை. தமிழ் அசைன்மென்டில் ஏமாற்றைப் பிடிக்க இன்றைக்கு இருக்கும் நம்பத்தக்க வழி, பாட்டு தெரிந்த ஆசிரியர் அதைப் படிப்பதுதான். அப்படிப் படிக்கிற ஆசிரியர் இருந்தால், இல்லாத பாட்டைக் கொண்டுவந்த மாணவரைக் கூப்பிட்டு இது எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று கேட்பார். மாணவர் விழிப்பார். அந்த இரண்டு நிமிடத்தில் நடப்பது கல்வி. சதவீதம் அச்சிட்ட தாளில் அது நடக்காது.

ஏ.ஐ. கற்றலுக்கே எதிரி என்றும் சொல்லிவிட முடியாது. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களை வைத்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணிதத்தில் ஒரு சோதனை நடத்தினார்கள். சாதாரண சாட்பாட்டை வைத்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். கருவியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல், ஆசிரியர்கள் வடிவமைத்த குறிப்புகளை மட்டும் கொடுக்கும்படி அமைத்த இன்னொரு சாட்பாட்டை வைத்துப் படித்தவர்களுக்கு அந்தச் சேதம் பெரும்பாலும் நேரவில்லை. ஹார்வர்டில் இயற்பியல் மாணவர்களிடம் செய்த சோதனையிலும், ஆசிரியர்கள் பார்த்துப் பார்த்து வடிவமைத்த ஏ.ஐ. பயிற்றுநரிடம் படித்தவர்கள் வகுப்பறையில் படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் அதிகம் கற்றார்கள். இரண்டிலும் வித்தியாசத்தை உண்டாக்கியது பின்னால் நின்ற ஆசிரியரின் உழைப்பு.

ஆனால் நம் மாணவர்கள் கைக்கு வந்திருப்பது அப்படி ஆசிரியர் வடிவமைத்த கருவி இல்லை. 2025 ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு பெர்பிளெக்சிட்டி புரோவை ஓராண்டு இலவசமாகக் கொடுத்தது. ஜியோ வழியாக கூகுள் ஜெமினி புரோ 18 மாதம். நவம்பரில் ஓபன்ஏஐயின் சாட்ஜிபிடி கோ ஓராண்டு. தமிழ்நாடு அரசு 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டாண்டில் லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக 2025–26 பட்ஜெட்டில் அறிவித்தது. லேப்டாப் தருவது நல்ல காரியம், வரவேற்கிறேன். அதில் திறக்கும் சாட்பாட் இலவசக் காலம் முடிந்து மாதச் சந்தா கேட்கும்போது, கட்ட முடிந்தவருக்கு ஒரு தரம், முடியாதவருக்கு ஒரு தரம் என்று ஒரே பெஞ்சில் இருவர் உட்கார்ந்திருப்பார்கள். அதற்குள் இருவருக்கும் அது இல்லாமல் எழுத வராது என்ற நிலையும் வந்திருக்கும். பல்கலைக்கழகங்கள் இப்போதே இதைப் பேச வேண்டும்.

பத்து நிமிடம்

சிட்னி பல்கலைக்கழகம் தேர்வு முறையை இரண்டு பாதையாகப் பிரித்திருக்கிறது. ஒன்று, ஆசிரியர் முன்னிலையில் நடப்பது. ஏ.ஐ.க்கு அனுமதி இருக்கிறதா இல்லையா என்பதை ஆசிரியர் முடிவு செய்வார். இன்னொன்று, வீட்டிலிருந்து செய்வது. அதில் ஏ.ஐ.யைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும். தடுக்க முடியாத இடத்தில் தடை போட்டு மாணவர்களைப் பொய் சொல்லப் பழக்குவதில்லை. எனக்கு இது நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது. இங்கும் செய்யலாம். அதற்கான கருவி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ப்ராஜெக்ட்டுக்கும் முனைவர் பட்டத்துக்கும் நாம் நடத்தும் வைவா. எழுதியவரை எதிரில் உட்கார வைத்து, இந்த மூன்றாம் பத்தியில் என்ன சொல்கிறாய், இந்த எண் எங்கிருந்து வந்தது, இதற்கு மாறாக ஒருவர் சொன்னால் என்ன பதில் சொல்வாய் என்று கேட்பது. தமிழில் பதில் சொல்லலாம் என்று அனுமதித்தால், ஆங்கிலத்துக்காக ஏ.ஐ. உதவி வாங்கிய முதல் தலைமுறை மாணவி தனக்கு விஷயம் தெரியும் என்பதைத் தலைநிமிர்ந்து காட்டிவிடுவாள். எதையும் படிக்காமல் இறக்கியவர் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடுவார். இருவரையும் ஒரே சந்தேகக் கூண்டில் அடைக்க வேண்டியதில்லை.

இதற்கு வேண்டியது நேரம். ஒரு வகுப்பில் 60 பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 10 மணி நேரம். ஓர் ஆசிரியர் நான்கு பாடம் எடுத்தால், ஓர் அசைன்மென்டுக்கு 40 மணி நேரம். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கௌரவ விரிவுரையாளர்கள். 2025 நிலவரப்படி மாதம் 25,000 ரூபாய், அதுவும் ஆண்டில் 11 மாதத்துக்கு. பல்கலைக்கழக மானியக் குழு பரிந்துரைக்கும் 50,000 ரூபாய்க்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வருகிறார்கள். அவர்களிடம் இன்னும் 40 மணி நேரம் சும்மா கொடுங்கள் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய இடம் ஆட்சிக்குழுவும் உயர்கல்வித் துறையும்தான். கண்டுபிடிப்பான் மென்பொருளுக்கும் கேமரா கண்காணிப்புக்கும் ஆண்டுதோறும் எவ்வளவு உரிமக் கட்டணம் கட்டுகிறோம் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வெளியிடட்டும். அந்தத் தொகைக்கு எத்தனை ஆசிரியர்களின் எத்தனை மணி நேரத்தை வாங்கலாம் என்று பக்கத்திலேயே கணக்கு எழுதட்டும். வைவாவுக்குச் செலவாகும் நேரம் பணிச்சுமையில் சேரும் என்றும், ஏ.ஐ. சதவீதத்தை மட்டும் ஆதாரமாக வைத்து எந்த மாணவர் மேலும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்றும், ஆசிரியர் ஏ.ஐ. உதவியோடு தயாரித்த பாடக் குறிப்பில் அதைக் குறிப்பிட வேண்டும் என்றும் அகாதமிக் கவுன்சிலில் ஒரு தீர்மானம் நிறைவேற்ற அரை நாள் போதும். ஜூன் மாதம் புதிய மாணவர்கள் வருவதற்குள் அதைச் செய்துவிட முடியும்.